நாமம் போட்ட மீன்

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள் மணிவேல் ஒரு பெரிய முடிவெடுத்தார். அதை மனைவியிடம் சொல்லக் கூடாது என்பது அதைவிடப் பெரிய முடிவு. இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் சொந்தமாக எடுத்த முடிவுகள் நாலோ அஞ்சோதான் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட செவ்வந்தியின் காதுக்குப் போகாமல் தப்பியதில்லை. ஆனாலும் மனிதர் அசரவில்லை. தெர்மாகோல் பெட்டி ஒன்றை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, வாணியம்பாடியில் பஸ் ஏறிவிட்டார்.

பெட்டிக்குள் பாலித்தீன் பை. பைக்குள் உப்புத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு மீன்.

மணிவேல் ஜமுனாமரத்தூரில் சுகாதார ஆய்வாளர். சந்தவாசல்காரர், மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று வருடமாகிறது. அவர் கையில் டார்ச்சோடு தெருமுனையில் திரும்பினால் போதும், குடத்தைக் கவிழ்க்கிறவர்களும் ட்ரம்மைச் சாய்க்கிறவர்களுமாகத் தெருவே அல்லோலகல்லோலப்படும். கொட்டாங்கச்சிக்குள் ஒரே ஒரு கொசுப்புழு நெளிந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று பேர். போன மாதம் மகளிர் குழுக் கூட்டத்தில்கூட மைக்கைப் பிடித்து முழங்கினார். “அதப் புழுன்னு நெனைக்காதீங்கம்மா! அது புழுவே இல்ல, நோய்!” முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செவ்வந்தி பலமாகக் கைதட்டினாள்.

இப்பேர்ப்பட்டவருக்குக் கடல்மீன் வளர்க்கிற ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கடல் எங்கேயோ இருக்கிறது, இவர் மலைமேல் இருக்கிறார். பாக்கெட் உப்பை வாங்கி, வடிகட்டிய தண்ணீரில் கரைத்து, அளவு பார்த்து, குளிருக்கு ஹீட்டர் போட்டு, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் வைத்து, கூடத்து ஜன்னலோரம் நாலடி நீளத்துக்குத் தனக்கென்று ஒரு கடலை உண்டாக்கி வைத்திருந்தார். அதில் கோமாளி மீன் இரண்டு. போட்டதைத் தின்னும். போடாவிட்டால் தேடித் தின்னும். மணிவேலுக்கு அவற்றின் மேல் மரியாதை போய்விட்டது. பார்த்தால் நாலு பேர் மூக்கில் விரல் வைக்கிற மாதிரி ஒரு மீன் வேண்டும் என்று ஒரு வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

அது கிடைத்துவிட்டது. காப்பர்பேண்ட் என்று சொல்கிற பட்டாம்பூச்சி மீன். வெள்ளை உடம்பு, மேலிருந்து கீழாகச் செம்மஞ்சள் பட்டைகள், முதுகின் பின்பக்கம் கறுப்பாக ஒரு பொய்க்கண், முகத்தில் ஊசியாக நீண்ட வாய். வாணியம்பாடியில் தொட்டிக் கடை வைத்திருக்கும் ஷஃபியுல்லா போட்டோ அனுப்பிய மறுநாளே மணிவேல் லீவு போட்டுவிட்டார்.

ஷஃபியுல்லா நல்ல மனிதர். பையைக் கட்டும்போதே எச்சரித்தார்.

“சார், இது ரொம்ப நாஜூக். இங்க கடல் சிப்பி, அந்த மட்டிச் சதைய குட்த்தாதான் கொத்துது. குருணைத் தீனி போட்டா மூஞ்சத் திருப்பிக்குது. எடம் மாறினா மட்டியும் துன்னுமோ துன்னாதோ. பட்டினி கெடந்து செத்தாலும் சாவும், புடிக்காதத வாயில வெக்காது.”

“நான் பாத்துக்கறேன் பாய்.”

“அது சரி சார், உங்க வூட்ல இது புரட்டாசியாச்சே?”

மணிவேல் பையின் முடிச்சைப் பரிசோதித்தார். சிக்கலே அங்கேதான் இருந்தது. செவ்வந்தி கண்ணமங்கலத்துப் பெண். புரட்டாசி பிறந்தால் அவள் வீட்டு வாசற்படியைக் கவுச்சி தாண்டாது. கறி, மீன், முட்டை, கருவாடு எதுவும் கிடையாது. மீன்குழம்புச் சட்டி மொட்டை மாடிக்குப் போய்விடும், ஐப்பசி பிறந்த பிறகுதான் கீழே இறங்கும். அந்த வீட்டில்தான் மட்டி தின்கிற மீனை வளர்த்தாக வேண்டும்.

மலைப்பாதையில் பஸ் வளைவுக்கு வளைவு சாய்ந்தது. மணிவேலும் பெட்டியோடு சேர்ந்து சாய்ந்தார். ஆலங்காயத்திலிருந்து ஊர் வரும்வரை அவர் மூடியைத் திறந்து பார்த்தது பதினேழு முறை. கண்டக்டர் கோகுல்ராஜ் தெரிந்தவன்தான். அவனே பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“இன்னா சார், உள்ள எதனா மருந்தா?”

“உயிருப்பா, உயிரு!”

கோகுல்ராஜ் அதற்குப் பிறகு அவர் பக்கமே வரவில்லை.

வீட்டில் செவ்வந்தி சமையலறையில் தைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதி ஜாக்கெட் அவள் கையால் தைத்தது. ஆனால் மிஷின் இருந்தது அடுப்புக்குப் பக்கத்தில். சாம்பார் கொதித்தால் பட்டுத் துணியில் ஆவி அடிக்கும். தாளித்தால் கடுகு வந்து காஜாவில் உட்காரும். கூடத்தில் இரண்டு ஜன்னல். ஒன்றின் கீழே தொட்டி. இன்னொன்றின் கீழே மணிவேலின் மேஜை, நாற்காலி, ரிஜிஸ்டர்கள். வெளிச்சமுள்ள இரண்டு இடத்தையும் மனிதர் வளைத்துப் போட்டிருந்தார்.

“இன்னாங்க அது பொட்டி?”

“ஒண்ணுமில்ல. சின்னதா ஒரு மீனு.”

“மீனா? புரட்டாசில?”

“கொழம்புக்கா கொண்டாந்தேன்? வளக்கறதுக்கு!”

அவள் எழுந்து வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். “மூஞ்சிய விட மூக்கு நீளமா கீது. இது இன்னா துன்னும்?”

மணிவேல் அந்த ஒரு நொடியில்தான் சறுக்கினார். உண்மையைச் சொல்லியிருந்தால் கொஞ்ச நேரம் திட்டு வாங்கியிருப்பார், அதோடு போயிருக்கும்.

“பாசி,” என்றார்.

“பாசியா?”

“பாசியேதான். சுத்த சைவம்.”

செவ்வந்தி மீனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். “ம்,” என்றாள். மணிவேல் அந்த ‘ம்’முக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கெட்டை எடுக்கப் போனார்.

புது மீனைச் சட்டென்று தொட்டியில் விடக் கூடாது. பக்கெட்டில் விட்டு, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கி, உடம்புக்குப் பழக்க வேண்டும். மணிவேல் விளக்கை அணைத்துவிட்டு, பக்கெட்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். குளுக்கோஸ் ஏற்றுகிற நர்ஸ் மாதிரி சொட்டை எண்ணினார். ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டாம் மணியும் நகர்ந்தது.

“பாப்பாவுக்கு ஜொரம் வந்தப்போ இப்டி உக்காந்தீங்களா?” வேலூர் விடுதியில் படிக்கிற மகளை நினைவூட்டிவிட்டு, செவ்வந்தி துணியோடு உள்ளே போனாள்.

மீன் தொட்டிக்குள் இறங்கியது. பாறைச் சந்துக்குப் பின்னால் போய் நின்றது. கோமாளிகள் இரண்டும் வந்து விசாரித்துவிட்டுப் போயின. மணிவேல் ஆசையாகக் குருணைத் தீனி தூவினார். மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொய்க்கண் மட்டும் அவரையே பார்த்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

மணிவேலுக்குச் சோறு இறங்கவில்லை. ஆபீசில் உட்கார்ந்தால் மீன் ஞாபகம். தெருவில் ட்ரம்முக்குள் டார்ச் அடித்தால் அதற்குள்ளும் மீன். காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பார். மீனின் முதுகு ஒட்டத் தொடங்கியது. தலைக்குப் பின்னால் சதை வற்றினால் முடிவு நெருங்கிவிட்டது என்று ஷஃபியுல்லா சொல்லியிருந்தார். மணிவேல் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். வற்றித்தான் இருந்தது.

“மூக்கன் இன்னிக்கும் துன்னலையா?” என்று செவ்வந்தி ரசத்தை ஊற்றினாள்.

“புது எடமில்ல? பழகணும்.”

“பழகறதுக்குள்ள போய்ச் சேந்துடப் போவுது. வாயில்லாத ஜீவன். கூட்டியாந்து பட்டினி போட்டா பாவம் நமக்குத்தாங்க வரும்.”

“என் மீன எனக்குப் பாத்துக்கத் தெரியும்!”

“அப்ப ஒரு பேச்சு பேசிக்கலாமா? கடைசி சனிக்கெழமைக்குள்ள மூக்கன் நல்லா துன்னு தேறணும். தேறலைன்னா, அத பாய் கிட்டயே வுட்டுட்டு வந்துடணும். தொட்டியும் போவணும். அந்த ஜன்னலாண்ட என் மிஷின் வரணும்.”

“தேறிட்டா?”

“ஜன்னலப் பத்தி இந்த ஜென்மத்துல நான் வாயே தொறக்க மாட்டேன்.”

செவ்வந்தி வாய் திறக்க மாட்டேன் என்பது சாதாரண பரிசா? மணிவேல் யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே ஷஃபியுல்லாவுக்கு போன் போட்டார்.

அடுத்த நாளிலிருந்து கள்ளக்கடத்தல் ஆரம்பமானது. ஷஃபியுல்லா உயிர் மட்டியை ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் வைத்து, பஸ்ஸில் கொடுத்தனுப்புவார். பஸ் ஸ்டாண்டில் கோகுல்ராஜ் அதை மணிவேலின் கையில் சேர்ப்பான். கேட்டால் ஆபீஸ் சாம்பிள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. மணிவேல் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போவார். குழாயைத் திறந்துவிடுவார். மட்டி ஓட்டைக் கத்தியால் நெம்புகிற சத்தம் வெளியே கேட்காமலிருக்க, “கோவிந்தா! கோவிந்தா!” என்று உரக்கச் சொல்வார். கவுச்சி வாசனைக்கு ஊதுவத்தி நாலு. பிறகு செவ்வந்தி விளக்கேற்றப் போகிற நேரம் பார்த்து, மட்டிச் சதையைப் பாறைச் சந்தில் செருகிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல மேஜையில் உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டுவார்.

“இன்னாங்க, கொஞ்ச நாளா குளிக்கறப்போ ஒரே பக்தியா கீது?”

“புரட்டாசி மாசமாச்சே செவ்வந்தி!”

“ம்.”

மறுபடியும் அந்த ‘ம்’.

காலையில் பார்த்தால் சந்தில் மட்டி இருக்காது. மூக்கன்தான் தின்றிருக்கிறது என்று மணிவேல் துள்ளுவார். ஆனால் முதுகு மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டே போனது. தின்கிற மீன் ஏன் இளைக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. கோமாளிகள் இரண்டும் ஏன் பூசணிக்காயாகிக் கொண்டிருக்கின்றன என்றும் அவர் யோசிக்கவில்லை.

இந்த அழகில் பக்கத்து வீட்டு ராணியம்மாள் ஒரு நாள் ஜாக்கெட் வாங்க வந்தாள். வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அடியே செவ்வந்தி! இன்னாடி இது, நாமம் போட்ட மீனு!”

வெள்ளை உடம்பில் நெட்டுக்குச் செம்மஞ்சள் பட்டை. நாமம் என்று நினைத்துப் பார்த்தால் நாமமேதான்.

“எதயும் துன்ன மாட்டேங்குது அத்தே,” என்றாள் செவ்வந்தி.

“துன்னாதா? எப்போலருந்து?”

“புரட்டாசில வந்ததுலருந்தே.”

“வெரதம்டி! வெரதம் இருக்குது!” ராணியம்மாளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. “ஏம்பா மணிவேலு, இது கவுச்சி துன்னுமா?”

மணிவேல் மாட்டிக்கொண்டார். “துன்... துன்னாதும்மா. சைவம்தான்.”

“பாத்தியா!”

அவ்வளவுதான். ரெண்டாம் சனிக்கிழமை காலையில் வீட்டு வாசலில் பதினாலு ஜோடிச் செருப்பு கிடந்தது. கூடத்தில் நிற்க இடமில்லை. ஒருத்தி தொட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள். ஒருத்தி கற்பூரம் கொளுத்தப் போனாள். மணிவேல் அலறிக்கொண்டு நடுவே விழுந்தார். “புகை ஆவாதும்மா! செத்துடும்மா!” ஒரு குழந்தை பொரிகடலையைத் தூக்கிப் போட்டது. மணிவேல் வலையைப் போட்டு அள்ளினார். அந்தப் பக்கம் அள்ளும்போது இந்தப் பக்கம் ராணியம்மாள் பித்தளைச் சொம்போடு முன்னால் வந்துவிட்டாள்.

“போன சனிக்கெழம தீர்த்தம்பா. சாமி ரூம்புல மூடாம கொள்ளாம அப்டியே பத்திரமா வெச்சிருந்தேன். வெரதக்காரனுக்கு ஒரு வாய் ஊத்தறேன்.”

“ஊத்தாதீங்க!”

அதற்குள் அரைச் சொம்பு உள்ளே போய்விட்டது. துளசி இலைகள் மிதந்தன. “கோவிந்தா!” என்றார்கள் எல்லாரும். மணிவேலும் “கோவிந்தா!” என்றார். அவர் சொன்னது வேறு அர்த்தத்தில். உப்பு அளவு என்னவாகும், துளசியில் என்ன மருந்து அடித்திருப்பார்களோ என்று பதறிக்கொண்டே, வலையால் இலைகளைத் துரத்தித் துரத்திப் பிடித்தார்.

மூக்கன் சந்தை விட்டு வெளியே வந்தது. அங்கும் இங்கும் வெட்டி வெட்டி நீந்தியது. நீண்ட வாயைத் திறந்து திறந்து மூடியது.

“ஐயோ, மூச்சு வாங்குது! போச்சு, எல்லாம் போச்சு!” மணிவேல் தலையில் கை வைத்துக்கொண்டு உப்பு அளக்கிற கருவியைத் தேடி ஓடினார்.

செவ்வந்தி நகரவில்லை. கண்ணாடியில் நெற்றி படுமளவுக்குக் குனிந்து, மீனை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, “அத்தே, அந்தச் சொம்ப இப்டி குடுங்க. நான் வெளக்கி அனுப்பறேன்,” என்றாள்.

மூக்கன் சாகவில்லை. மூன்று நாள் கழித்து மணிவேல் ஒரு அதிசயம் கண்டார். முதுகில் லேசாகச் சதை ஏறியிருந்தது. ஒரு வாரத்தில் வயிறு உருண்டது. செம்மஞ்சள் பட்டை மினுமினுத்தது. மணிவேல் பார்க்கும்போது மட்டும் எதையும் தின்னாது. ஆனால் தின்கிறது என்பதற்கு வயிறே சாட்சி. மணிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஷஃபியுல்லாவுக்கு வீடியோ அனுப்பினார்.

“மாஷா அல்லா! எப்டி சார்?”

“எல்லாம் உங்க மட்டிதான் பாய். ஒளிச்சு வெச்சா துன்னுது. வெக்கப்படற மீனு!”

வீட்டில் மீசையை முறுக்கினார். “பாத்தியா செவ்வந்தி? பாசியே துன்னு எப்டி தேறிச்சு பாரு. ஜன்னல் பேச்சு ஞாபகம் கீதா?”

“கீதுங்க,” என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டது மணிவேலுக்குத் திகிலாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

கடைசி சனிக்கிழமைக்கு முந்தின நாள் மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி டெங்கு ஆய்வுக்கு வந்தார். மணிவேல் ஊரையே துடைத்து வைத்திருந்தார். இருபது வீடு பார்த்தார்கள், ஒரு சொட்டுத் தேங்கின தண்ணீர் கிடையாது. அதிகாரிக்கு ஏக மகிழ்ச்சி.

“மணிவேல், நாமம் போட்ட மீன் ஒண்ணு உங்க வீட்டுல இருக்காமே? மலை பூரா அதே பேச்சு.”

“வாங்க சார், வாங்க!” மணிவேல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தார். வாசற்கதவில் ‘கொசு இல்லா இல்லம்’ என்று அவரே ஒட்டிய ஸ்டிக்கர். அதிகாரி அதை ஒருமுறை படித்துவிட்டு உள்ளே வந்தார். தொட்டியைப் பார்த்து அசந்து நின்றார். செவ்வந்தி சமையலறை வாசலில் வந்து கும்பிட்டாள்.

தொட்டிக்குப் பக்கத்தில், ஜன்னல் திட்டில், வெள்ளைத் துணியால் வாய் கட்டிய பித்தளைச் சொம்பு ஒன்று இருந்தது.

“அது என்ன, தீர்த்தமா?” என்றார் அதிகாரி. “நானும் புரட்டாசி விரதம்தான். கொஞ்சம் குடுங்க.” செருப்பில்லாத காலை ஒன்று சேர்த்து, வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

மணிவேல் பக்தியோடு சொம்பை எடுத்தார். துணியை அவிழ்த்தார். ஒரு துளசி இலை மிதந்தது. இலைக்குக் கீழே ஏதோ நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. உற்றுப் பார்த்தார். சொம்பு முழுக்க, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, நூறு, நூற்றைம்பது கொசுப்புழு! அவருடைய சர்வீசில் இவ்வளவு செழிப்பான விளைச்சலை அவர் கண்டதில்லை.

அதிகாரியின் கை நீண்டபடியே இருந்தது.

பல வருட வேலை, ஸ்டிக்கர், மைக்கில் முழங்கிய முழக்கம் எல்லாம் அந்தச் சொம்புக்குள் நெளிந்தன. சமையலறை வாசலைப் பார்த்தார். செவ்வந்தி கண்ணாலேயே தொட்டியைக் காட்டினாள்.

“மீனுக்குத்தான் சார் மொத தீர்த்தம்! எங்க வூட்டு வழக்கம்!” என்று கத்தியபடியே மணிவேல் சொம்பைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார்.

மூக்கன் பாய்ந்து வந்தது. இத்தனை நாள் அவருக்கு முகம் காட்டாத மீன், ஊசி வாயை இப்படியும் அப்படியும் திருப்பி டிக், டிக், டிக்கென்று கொத்தியது. ஒன்றைக்கூட விடவில்லை. கோமாளிகள் பக்கத்தில் வந்தால் துரத்தியது.

“அடடா! என்ன வேகம்!” அதிகாரி கண்ணாடி அருகே குனிந்தார். “என்ன சாப்பிடுது மணிவேல் அது?”

மணிவேல் காலிச் சொம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“பாசிங்க சார்,” என்றாள் செவ்வந்தி. “சுத்த சைவம்.”

அதிகாரி தலையாட்டினார். செவ்வந்தி சாமி மாடத்திலிருந்து வேறு சொம்பைக் கொண்டுவந்து அவருக்குத் தீர்த்தம் கொடுத்தாள். முன்மாதிரி வீடு என்று சொல்லி, அவர்கள் இருவரையும் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து போட்டோ எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஜீப் சத்தம் அடங்கும்வரை மணிவேல் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

“செவ்வந்தி... என் வூட்டுலயே... கொசுப்புழுவா?”

“கொல்லையில தொறந்து வெச்சு, புழு வந்ததுமே துணி கட்டித்தான வெச்சிருந்தேன். ஒரு கொசு பறந்துச்சா? ராணி அத்தை சொம்புல அன்னிக்கே நெளிஞ்சுது. மூக்கன் ஒண்ணு வுடாம துன்னுச்சு. டார்ச் அடிச்சு ஊர் பூரா தேடறவரு, உங்க மூக்குக்குக் கீழ இருந்தத பாக்கல. மூச்சு வாங்குதுன்னு அழுதீங்க.”

“புரட்டாசில புழுவ போடலாமா? அது கவுச்சி இல்லையா?”

“அது புழுவே இல்ல, நோய்னு மைக்ல சொன்னீங்களே. நான் கூட கைதட்டுனேனே. நோய் எப்டிங்க கவுச்சியாவும்?”

மணிவேல் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். கடைசியாகக் கையிலிருந்த ஒரே துருப்பையும் வீசினார். “மீனு தேறினது என் மட்டியால...” பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“எந்த மட்டி? கோகுல்ராஜ் தம்பி நேத்து வூட்டாண்ட வந்து, ‘அக்கா, சாரோட ஆபீஸ் மட்டிக்கு ஐஸு போதுமா’ன்னு கேட்டுட்டுப் போச்சே, அந்த மட்டியா? அத பூரா கோமாளிங்கதான் துன்னுச்சு. நான் உக்காந்து பாத்தேன்.” அவள் குரல் சட்டென்று இறங்கியது. “பந்தயத்துல நீங்க தோத்திருந்தா எனக்கு ஜன்னல் கெடச்சிருக்கும். வுட்டுடலாம்னுதான் நெனச்சேன். ஆனா அது அந்தச் சந்துல நின்னுகினு பாத்த பார்வை... மனசு கேக்கலைங்க.”

மணிவேல் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவருடைய மீனுக்காகத் தனக்குக் கிடைக்க இருந்த ஜன்னலையே விட்டுக்கொடுத்திருக்கிறாள். “செவ்வந்தி, நீ...”

“இனிமே அது என் கையால குடுத்தாதான் துன்னும். நான் குடுக்கலைன்னா பட்டினிதான். அப்புறம் புரட்டாசில வூட்டுக்குள்ள மட்டி வந்த சேதிய ராணி அத்தை கிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுனு இருக்கேன்.”

ஜன்னலைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்கை செவ்வந்தி மீறவில்லை. வாயை மூடிக்கொண்டு, விரலை நீட்டி, மணிவேலின் மேஜையைக் காட்டினாள். பிறகு அதே விரலால் சமையலறையைக் காட்டினாள்.

இப்போது தையல் மிஷின் ஜன்னலோரம் வெளிச்சத்தில் ஓடுகிறது. பக்கத்து ஜன்னலில் மூக்கன் அவளைப் பார்த்துக்கொண்டே நீந்துகிறது. மணிவேல் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டெங்கு ரிப்போர்ட் எழுதுகிறார். சாம்பார் கொதித்தால் ரிஜிஸ்டரில் ஆவி அடிக்கிறது.

ஐப்பசி பிறந்த முதல் வாரம் செவ்வந்தி அவர் கையில் ஒரு தூக்குவாளியைக் கொடுத்தாள். “ஏங்க, சொம்பு காலி. ரவுண்ட்ஸ் போறப்போ யார் வூட்டுலயாவது புழு இருந்தா கீழ கொட்டிடாதீங்க. எடுத்துனு வாங்க.”

டார்ச் ஒரு கையில், தூக்குவாளி ஒரு கையில். மணிவேல் தெருத் தெருவாக நடந்தார். குடங்கள் கவிழ்ந்திருந்தன. ட்ரம்கள் காய்ந்திருந்தன. கொட்டாங்கச்சி ஒன்று கூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் அவர் பிரசாரத்தின் மகிமை. மூக்கனின் முதுகு கண்ணுக்குள் வந்து வந்து போனது. கடைசியாக ராணியம்மாள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் போய் நின்றார். பித்தளைச் சொம்பு பளபளவென்று விளக்கி வெயிலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“ஒரு சொட்டு தண்ணி இல்லப்பா, நல்லா பாத்துக்கோ!” என்றாள் ராணியம்மாள் பெருமையாக.

மணிவேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏம்மா... எதுலயாவது கொஞ்சம் தேங்க வுட்டிருக்கக் கூடாதா?”